சைக்கிள் சக்கரம் கோர்த்தல்

மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடத்துக்குக் கீழே வரும் மர ஆரக்கால்கள் பாரத்தைத் தூண்போலத் தாங்குகின்றன. சைக்கிளின் மெல்லிய கம்பி அப்படி நின்றால் வளைந்துவிடும். அதனால்தான் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து இறுக்கி வைக்கிறார்கள். இத்தகைய சக்கரத்தை 1808-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி பறக்கும் இயந்திரத்துக்காக வடிவமைத்தார். 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைச் சாய்த்து ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடப் பூட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மிதிக்கும் விசை குடத்திலிருந்து ரிம்முக்குச் செல்ல இந்தச் சாய்வே வழி.

1949-இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. ஆலை அம்பத்தூரில் அமைந்தது. பழைய கனத்த சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40. பாரமும் மிதிவிசையும் பின்னால்தானே விழுகின்றன!

ஆலையில் கோர்த்த சக்கரமும் ஓட ஓடக் கோணும். கீரிப்பாறை போன்ற மலையடிவார ஊர்களின் கல்பாதையில் சொல்லவே வேண்டாம். அதைச் சரிசெய்வதைக் கடைக்காரர்கள் ‘கோட்டம் எடுப்பது’ என்பார்கள். பஞ்சர் ஒட்டப் பழகிய பையனிடமும் இந்த வேலையை எளிதில் கொடுப்பதில்லை. ரிம் இடப்பக்கம் ஒதுங்கினால், அவ்விடத்து வலப்பக்கக் கம்பிகளின் நிப்பிளைக் கால்சுற்று இறுக்கி, இடப்பக்கத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் இறுக்கிக்கொண்டே போனால் கோட்டம் போகும், ஆனால் ரிம் வட்டம் கெட்டு உள்வாங்கும். தேர்ந்தவர்கள் கம்பியைச் சுண்டிக் கேட்பார்கள். ஒலி மந்தமானால் கம்பி தளர்ந்திருக்கிறது. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து, குடத்தருகே வளைந்த இடத்தில் அறும்.