வீட்டுக்காற்றும் தும்மலும்

வீட்டுக்குள் சேரும் தூசி, புகை, பூசணம், வளர்ப்பு விலங்குகளின் உடல்துகள் ஆகியவை மூக்கின் உட்சவ்வில் பட்டு வரும் தும்மலில் இரண்டு வகை உண்டு. மிளகாய் வறுக்கும் நெடியில் வீட்டிலுள்ள எல்லோருமே தும்முவார்கள், அது எரிச்சல். ஒரே அறையில் நால்வர் படுத்தெழ, ஒருவர் மட்டும் அடுக்கடுக்காகத் தும்மினால் பெரும்பாலும் அது ஒவ்வாமை. ஜலதோஷம் தொண்டைவலி, உடம்புவலியோடு வந்து ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். ஒவ்வாமையில் காய்ச்சல் இராது. மூக்கும் கண்ணும் அரிக்கும், மூக்கு தண்ணீராய் ஒழுகும், அது மாதக்கணக்கிலும் நீளும்.

வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் தூசிச் சிற்றுண்ணி. 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் இதை நிறுவினர். கால் மில்லிமீட்டர் அளவுள்ள இந்த உயிரி நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்செதிலைத் தின்று வாழ்கிறது. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் ஓதம் மிகுந்த கடலோர ஊர்களின் மெத்தையும் தலையணையும் அதற்கு உகந்த இடங்கள்.

தும்ம வைப்பது பெரிதும் அதன் எச்சம். எச்சத் துகள் 10 முதல் 40 மைக்ரான் வரை இருக்கும். கனமானது என்பதால் தானாக மிதக்காது. தலையணையைத் தட்டினாலோ போர்வையை உதறினாலோ எழும்பி, அரைமணி நேரத்துக்குள் பெரும்பாலும் படிந்துவிடும். காற்றுத்தர மானிகளை நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான். அவை காட்டும் பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களின் அளவு. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையில் அது எகிறும். மெத்தையில் கிடக்கும் எச்சத்தை அது அறியாது. மானி பச்சை காட்டும்போதே மூக்கு ஒழுகலாம்.

ஆகவே மானியைவிட நாட்குறிப்பே நல்ல கருவி. எந்த நேரம், எந்த அறை, அதற்குச் சற்று முன் என்ன செய்தோம் என்று இரண்டு வாரம் குறித்தால் போதும். பெருக்கும்போதா, ஏசி போட்ட முதல் சில நிமிடங்களிலா, பரணிலிருந்து பழைய துணி எடுத்தபோதா என்பது தெரிந்துவிடும். காலைத் தும்மலை மட்டும் வைத்துப் படுக்கையின் மேல் பழி போடக் கூடாது. எதனால் வந்த ஒவ்வாமையானாலும் விடியற்காலையில் கூடுவது இயல்பு. வெளியூர் போனால் குறைகிறதா என்பது நல்ல தடயம். ஆனால் தங்கும் வீட்டிலும் தலையணை உண்டு என்பதை மறக்கக் கூடாது. பூனை வளர்த்த வீட்டில், பூனையை அனுப்பிய பிறகும் அதன் ஒவ்வாமைப் புரதம் மாதக்கணக்கில் தங்கும். ஒரு வாரத்தில் முடிவு சொல்ல முடியாது. எதை மாற்றிப் பார்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

உறுதி செய்ய மருத்துவர்கள் தோல் குத்துச் சோதனை செய்வார்கள். முன்கையில் ஒவ்வாமைச் சாற்றின் துளி வைத்து லேசாகக் குத்தினால், 15 முதல் 20 நிமிடத்தில் கொசு கடித்தாற்போல் தடிக்கும். ஒவ்வாமை மாத்திரை சாப்பிட்டிருந்தால் தடிப்பு எழாமல் போகலாம். எதை எத்தனை நாள் முன்பே நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தடிப்பு வந்தாலும் அது நாட்குறிப்போடு பொருந்தினால்தான் காரணம் எனக் கொள்ளலாம். தும்மலோடு இளைப்போ மூச்சில் விசில் சத்தமோ சேர்ந்தால், வீட்டுச் சோதனைகளை விட்டுவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

படுக்கைதான் காரணம் என்று தெரிந்தால், உறைகளை வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைக்கலாம். மொட்டைமாடி வெயிலில் மெத்தையைக் காயவைப்பதும் பயன் தரும். வறட்சியும் சூடும் உண்ணியைக் கொல்லும். எச்சம் அதனால் போகாது. அதை வெளியிலேயே தட்டி உதற வேண்டும், தும்முபவரல்லாத ஒருவர்.