பாலையில் பெய்த மழை



ஒரு நாட்டுக்கு நேரும் கேடுகள் யாவை? திருக்குறளில் 'நாடு' என்னும் அதிகாரத்துக்கு உரை வரைந்த பரிமேலழகர், மிகுந்த மழை, மழையின்மை, எலி, விட்டில், கிளி, அரசண்மை என ஆறினை எண்ணிக் காட்டுகிறார். விட்டில் என்பது பயிரை அழிக்கும் வெட்டுக்கிளி இனம். மழையையும் விட்டிலையும் தனித்தனிக் கேடுகளாகவே நாம் படித்து வந்தோம். ஆயினும் முன்னதே பின்னதைப் பெற்றெடுப்பதும் உண்டு. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

பாலைவன வெட்டுக்கிளி இயல்பில் தனித்து வாழும் பூச்சி. ஈரமணலில் அது முட்டையிடுகிறது. மழைக்குப்பின் தழைக்கும் பூண்டுகளே இளம்பூச்சிகளுக்கு உணவு. மழை போதிய அளவு பெய்தால் மூன்று திங்களில் ஒரு தலைமுறை தோன்றி, இருபது மடங்காகப் பெருகக்கூடும். பின்னர் நிலம் காய்கிறது. பசுமை ஆங்காங்கே சிறு திட்டுகளாகச் சுருங்குகிறது. பெருகிய பூச்சிகளெல்லாம் அத்திட்டுகளில் நெருங்குகின்றன. ஒன்றையொன்று உரசும் அந்நெருக்கத்தால் அவற்றின் நடத்தை மாறுகிறது, நிறமும் மாறுகிறது. தனித்திருந்தவை கூட்டமாகி, காற்று வீசும் திசையில் நாடு கடந்து பறக்கின்றன.

தனித்து வாழ்வதும் கூட்டமாய் வருவதும் வெவ்வேறு இனங்கள் என்றே அறிஞர்களும் நெடுங்காலம் கருதினர். வெட்டுக்கிளியில் இவ்விரண்டும் ஓரினத்தின் இரு நிலைகளே என்று 1921-இல் விளக்கியவர் போரிஸ் உவாரவ் என்னும் பூச்சியியல் அறிஞர். கூட்டம் வந்தபின் விரட்டுவதைவிட, அது உருவாகும் இடத்தைக் கண்காணிப்பதே அறிவுடைமை என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. 1926 முதல் 1931 வரை வெட்டுக்கிளிகளால் பெருந்தொல்லையுற்ற இந்தியாவில், 1939-இல் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு நிறுவப்பெற்றது.

இத்துணை அறிவு இருந்தும் அண்மையில் நடந்தது யாது? 2018 மே மாதத்தில் மெக்குனு என்ற புயலும், அக்டோபரில் லுபான் என்ற புயலும் அரேபியாவின் 'வெற்று நிலம்' எனப்படும் பெரும்பாலையில் மழை கொட்டின. மணல்மேடுகளிடையே நீர் தேங்கிற்று, பசுமை படர்ந்தது. ஆளரவமற்ற அவ்விடத்தில் ஒன்பது திங்களில் மூன்று தலைமுறைகள் தோன்றின. ஒரு தலைமுறைக்கு இருபது மடங்கு எனப் பெருக்கிப் பாருங்கள். எண்ணாயிரம் மடங்கு வரும்! அங்கிருந்து பறந்தவை ஏமனிலும் இனம் பெருக்கின. போரில் சிக்கியிருந்த அந்நாட்டில் முறையான கண்காணிப்பு இயலவில்லை. 2019-இல் கூட்டங்கள் சோமாலியாவையும் எத்தியோப்பியாவையும் அடைந்தன. அவ்வாண்டு டிசம்பரில் சோமாலியாவில் மற்றொரு புயல் மழை பெய்வித்தது. எழுபது ஆண்டுகளாகக் காணாத அழிவைக் கென்யா கண்டது. 2020 மே மாதத்தில் செய்ப்பூர் நகரின் வானத்திலும் கூட்டங்கள் பறந்தன.

ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டம் ஒருநாளில் உண்பது 35,000 மக்களின் உணவுக்கு நிகர். ஏழை உழவனின் ஆண்டு உழைப்பு ஒரு பகலில் மறைகிறது.

இன்று செயற்கைக்கோள்கள் பாலையில் பெய்யும் மழையையும் படரும் பசுமையையும் காட்டுகின்றன. எனினும் மண்ணில் இறங்கிப் பார்க்கும் மனிதரும், அவரைச் செல்லவிடும் அமைதியும் இல்லாதவிடத்து அக்காட்சி பயன் தராது. நிலப்படத்தை விரித்து, ஓமானிலிருந்து கென்யா வரையும், இராசத்தான் வரையும் விரலால் கோடு வரைந்து பாருங்கள். ஒரு நாட்டின் வயலைக் காக்கும் காவல், பன்னூறு கல் தொலைவில், பிறிதொரு நாட்டின் மணலில் தொடங்குவது உங்களுக்கே விளங்கும்.