கைத்துப்பாக்கியின் உருவமும் கொள்ளளவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆயுதங்களின் வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாற்றுக்கு ஓர் அனுபந்தமாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஆடைக்குள் மறைத்து நாள்தோறும் எடுத்துச் செல்லப்படும் கைத்துப்பாக்கியின் வளர்ச்சியைப் போர்க்களத்தை மட்டும் கொண்டு விளக்குதல் இயலாது. பொறியியல், சட்டம், குடிமக்களின் அச்சம் ஆகிய மூன்றும் அதனை உருவாக்கியுள்ளன. சிறிய உருவம், மிகுந்த ரவைக் கொள்ளளவு என்னும் முரண்பட்ட இரு தேவைகள் எவ்வாறு ஒரே கருவியில் இணைந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முரண்பாடு தீராததாகவே இருந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹென்றி டெரிஞ்சர் செய்த சிறு துப்பாக்கி உள்ளங்கையில் அடங்கத்தக்கது. ஆனால் ஒரு முறையே சுடவல்லது. 1865 ஏப்ரல் 14 ஆம் திகதி ஆபிரகாம் லிங்கனைச் சுடுவதற்கு ஜோன் வில்க்ஸ் பூத் பயன்படுத்தியது அத்தகையதொன்றே.

அமெரிக்கரான ஜோன் பிரௌணிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எப்.என். தொழிற்சாலை உற்பத்தி செய்த 1900, 1910 ஆம் ஆண்டு மாதிரிகள் அரைத்தானியங்கித் துப்பாக்கியைச் சட்டைப்பைக்குக் கொணர்ந்தன. வெடிப்பின் உந்துதலே வெற்றுக் கோதினை வெளியேற்றி அடுத்த ரவையை ஏற்றுவது இவ்வகையின் இயல்பாகும். 1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் கவ்ரிலோ பிரின்சிப் ஏந்தியது 1910 ஆம் ஆண்டு மாதிரியே. எனினும், இவற்றின் ரவைக்கூட்டில் ரவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நிரையில் அடுக்கப்பட்டமையால் ஆறு அல்லது ஏழு ரவைகளே அடங்கின.

பிரௌணிங் 1926 இல் காலமானார். அவருடைய பணியை நிறைவுசெய்த டியூடொனே சேவ், ரவைகளை இரு நிரைகளில் ஒன்றுவிட்டொன்றாக இடம்மாற்றி அடுக்கி, மேல் வாயிலில் ஒரே நிரையாகக் குவியுமாறு ரவைக்கூட்டை அமைத்தார். 1935 ஆம் ஆண்டின் ‘ஹை பவர்’ துப்பாக்கி இவ்வாறு பதின்மூன்று ரவைகளைக் கொண்டது. 1982 இல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்ற ‘குளொக் 17’, பல்பகுதியத்தாலான சட்டகத்தின் துணையால் பதினேழு ரவைகளைக் குறைந்த நிறையுடன் தாங்கியது. ஆயினும் இவை இடுப்புறையில் வெளிப்படத் தொங்கவேண்டிய படைக்கலங்களேயன்றி மறைத்தற்கு எளியனவல்ல.

இவ்விடத்திலேயே சட்டம் வரலாற்றின் போக்கினைத் திருப்பியது. 1987 இல் புளோரிடா மாநிலம், தகுதியுடைய விண்ணப்பதாரருக்கு மறைத்தேந்தும் அனுமதியை வழங்கியே ஆகவேண்டும் என விதித்தது. வேறு பல மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. மறுபுறம், 1994 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், குடிமக்களுக்கெனப் புதிதாகச் செய்யப்படும் ரவைக்கூடுகளைப் பத்து ரவைகளுக்கு வரையறுத்தது. பத்துக்கு மேல் இயலாதெனின் பெரிய துப்பாக்கி எதற்கு என்னும் வினா இயல்பாகவே எழுந்தது. 1995 இல் வெளிவந்த ‘குளொக் 26’, பத்து ரவைகளைக் கொண்ட குறுகிய வடிவினதாகும். இச்சட்டமே இதற்கு ஒரே காரணம் எனல் மிகையாகும். அனுமதி பெற்றோரின் தொகை பெருகியமையும் உடன்நின்ற காரணமாகும்.

அச்சட்டம் 2004 இல் காலாவதியாயிற்று. சிற்றுருவை நாடிய வேட்கையோ காலாவதியாகவில்லை. 2018 இல் சிக் சாவர் நிறுவனம் வெளியிட்ட ‘பி365’, ஒற்றை நிரைக்கும் இரட்டை நிரைக்கும் இடைப்பட்டதோர் அடுக்குமுறையால், ஏறத்தாழ ஓரங்குல அகலத்துள் பத்து ரவைகளை அடக்கியது. ஆண்டின் எல்லா நாட்களும் உடன்கொள்ளத்தக்கது என்பதை அதன் பெயரிலுள்ள எண்ணே உணர்த்துகின்றது. 2022 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், தக்க காரணம் காட்டினாலன்றி அனுமதியில்லை என்ற நியூயோர்க் மாநில விதியைச் செல்லாதெனத் தீர்த்தது.

தொகுத்து நோக்குமிடத்து, சட்டம் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த முற்பட்டபோது, தொழிற்றுறை உருவத்தைச் சுருக்கி விடையளித்தமை புலனாகும். இதனைத் தற்காப்புரிமையின் வெற்றியெனக் கொள்வாருமுளர். பொதுவெளியின் பாதுகாப்பின்மை எனக் கொள்வாருமுளர். எவ்வாறாயினும், கருவி கட்புலனாகாது மறையுந்தோறும் அருகில் நிற்பவர்மீது வைக்கும் நம்பிக்கையே சமூகத்திற்கு எஞ்சும் காவலாகின்றது. அந்நம்பிக்கையைப் பேணுதல் பொறியியலாளரின் பணியன்று. அது குடிமக்கள் யாவருக்கும் உரிய கடமையாகும்.