52-ல் 27 போனால் 35-ஆ? குழந்தைகள் சறுக்கும் இடமும், கைகொடுக்கும் ‘நூறு கட்ட’ எண் அட்டையும்!

இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கும் குழந்தையிடம் 52-ல் இருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். நிறைய குழந்தைகள் சட்டென 35 என்று எழுதிவிடுவார்கள். 2-ல் 7 போகாது, அதனால் 7-ல் 2-ஐக் கழித்து 5. அடுத்து 5-ல் 2 போனால் 3. ஆக, 35!

சரியான விடை 25. ‘கவனமே இல்லை’ என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். ஆனால், இது கவனக்குறைவு இல்லை. அந்தக் குழந்தைக்கு 52 என்பது ஓர் எண்ணாகத் தெரியவில்லை. பக்கத்து பக்கத்தில் நிற்கும் 5, 2 என்ற இரண்டு தனித்தனி இலக்கங்களாகத்தான் தெரிகிறது.

கிராமப்புறக் குழந்தைகளின் கற்றல் நிலையை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ‘அசர்’ ஆய்விலும் இதே மாதிரியான, கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு இலக்கக் கணக்குதான் கேட்கப்படுகிறது. 2024 ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இதைச் செய்ய முடிந்தவர்கள் 33.7 சதவீதம். 2022-ல் இது 25.9 சதவீதமாக இருந்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் மூன்றில் இரண்டு பேர் இன்னும் திணறுகிறார்கள் என்பதுதான் நிலவரம்.

இந்த இடத்தில் கைகொடுக்கும் எளிய கருவி, 1 முதல் 100 வரை எழுதிய எண் அட்டை. ‘அதான் எல்லா பள்ளிச் சுவரிலும் தொங்குதே’ என்கிறீர்களா? தொங்குவது வேறு, பயன்படுத்துவது வேறு.

*அப்படி என்ன இருக்கிறது இந்தக் கட்டத்தில்?*

வரிசைக்கு 10 கட்டம், மொத்தம் 10 வரிசை. வலது பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் 1 கூடும். கீழே ஒரு கட்டம் இறங்கினால் 10 கூடும். மேலே ஏறினால் 10 குறையும். இவ்வளவுதான் விதி. 

47-உடன் 25-ஐக் கூட்ட வேண்டுமா? 47-ல் விரலை வைத்து இரண்டு கட்டம் கீழே இறங்கினால் 67. அங்கிருந்து ஐந்து கட்டம் நகர்ந்தால் 68, 69, 70... வரிசை முடிந்துவிட்டது, அடுத்த வரிசையின் தொடக்கத்துக்குப் போய் 71, 72. இங்கே 25 என்பது ‘இரண்டு பத்து, ஐந்து ஒன்று’ என்பதைக் குழந்தை விரலாலேயே உணர்கிறது. பத்துகள் ஒரு திசையில், ஒன்றுகள் இன்னொரு திசையில்.

இப்போது 52 - 27. இரண்டு கட்டம் மேலே ஏறினால் 32. பின்னோக்கி ஏழு கட்டம் வந்தால் 25. கொஞ்சம் பழகிய குழந்தை குறுக்கு வழியும் கண்டுபிடிக்கும். மூன்று கட்டம் மேலே ஏறி 22-க்குப் போய், 30 கழித்தது 3 அதிகம் என்பதால் மூன்று கட்டம் முன்னே வந்து 25 என்று நிற்கும். மனக்கணக்கில் பெரியவர்கள் செய்வதும் இதைத்தானே! கடைக்காரர் 27 ரூபாய்க்கு மீதி கொடுக்கும்போது பேப்பரில் எழுதி, கடன் வாங்கியா கழிக்கிறார்?

*ஏணி-பாம்பு அட்டை போதாதா?*

வீட்டில் ஏணி-பாம்பு விளையாட்டு அட்டை இருக்கும், அதிலும் 1 முதல் 100 வரை இருக்கிறதே என்று தோன்றலாம். இங்கேதான் ஒரு சிக்கல். பெரும்பாலான ஏணி-பாம்பு அட்டைகளில் எண்கள் பாம்பு மாதிரியே வளைந்து போகும். முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்த வரிசை வலமிருந்து இடம். அதனால் 5-க்கு நேர் மேலே 15 இருக்காது, 16 இருக்கும். 10-க்கு மேலே 11. ‘ஒரு கட்டம் தாண்டினால் பத்து’ என்ற அடிப்படையே அங்கே உடைந்துவிடும். மாதக் காலண்டரும் அப்படித்தான், அதில் ஒரு கட்டம் இறங்கினால் 7 கூடும். விளையாட்டுக்கு இரண்டும் ஓகே. பத்து பத்தாக எண்ணப் பழக்க, எல்லா வரிசையும் ஒரே திசையில் போகும் அட்டைதான் வேண்டும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கமும் ஒரு ஸ்கேலும் இருந்தால் வீட்டிலேயே போட்டுவிடலாம்.

*ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணினால் பலன் இல்லையா?*

அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் எலிடா லாஸ்கி, ராபர்ட் சீக்லர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. மழலையர் வகுப்புக் குழந்தைகளை 100 வரையிலான கட்டங்கள் கொண்ட பலகையில் விளையாட விட்டார்கள். 5-ல் காய் இருக்கிறது, 3 விழுகிறது என்றால் சில குழந்தைகள் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணி நகர்த்தினார்கள். மற்றவர்கள் கட்டத்தில் உள்ள எண்ணையே ‘ஆறு, ஏழு, எட்டு’ என்று சொல்லி நகர்த்தினார்கள். எண்களைப் பற்றிய புரிதல் நன்றாகக் கூடியது இரண்டாவது முறையில்தான். பலகை ஒன்றுதான், விளையாட்டும் ஒன்றுதான். வாய் என்ன சொல்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

வீட்டில் அட்டையை வைத்து விளையாடும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லோரும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிக்கொண்டாலே போதும்.

*தமிழில் 90 ஏன் குழப்புகிறது?*

தமிழ் எண் பெயர்கள் ஒரு வகையில் குழந்தைகளுக்குச் சாதகம். இருபத்து மூன்று என்றால் இருபதும் மூன்றும், அதே வரிசையில் எழுதலாம். இந்தியில் 29, 39, 49 ஆகியவற்றின் பெயர்கள் ‘அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு’ என்ற பொருளில் வரும். ஆங்கிலத்தில் 11-ம் 12-ம் பத்தோடு ஒட்டாத தனிப் பெயர்கள்.

ஆனால் தமிழில் 90 வந்ததும் சறுக்கும். எண்பதுக்கு அடுத்து ‘ஒன்பது’ சாயலில் ஒரு பெயர் வராமல், தொண்ணூறு! உள்ளே ‘நூறு’ ஒளிந்திருக்கிறது. 900 தொள்ளாயிரம், அதில் ‘ஆயிரம்’. காதால் மட்டும் கேட்டுப் பழகும் குழந்தை, தொண்ணூறு என்பது நூறுக்குப் பிறகு வரும் என்று நினைத்தால் அதில் ஆச்சரியம் இல்லை. அட்டையில் 81-க்கு நேர் கீழே 91 இருப்பதைக் கண்ணால் பார்க்கும்போது இந்தக் குழப்பம் தீர வாய்ப்பு அதிகம். சொல்லும்போதே விரலால் தொடச் சொல்ல வேண்டும், அதுதான் இங்கே முக்கியம்.

*4, 5-ம் வகுப்புக்கும் உதவுமா?*

உதவும். 5-ன் மடங்குகளுக்கு வண்ணம் தீட்டினால் இரண்டு நேர்க்கோடுகள் வரும். 9-ன் மடங்குகள் சாய்வாக இறங்கும். ஏன் சாய்வு? கீழே ஒன்று, பின்னால் ஒன்று, அதாவது 10 கூட்டி 1 கழித்தால் 9. வாய்ப்பாட்டை உருப்போடும் குழந்தைக்கு இது ஒரு சின்ன ஆச்சரியம். 1-ஐ விட்டுவிட்டு, 2, 3, 5, 7 ஆகியவற்றை வைத்துக்கொண்டு அவற்றின் மற்ற மடங்குகளை எல்லாம் அடித்துவிட்டால் மிஞ்சுவது 25 பகா எண்கள். 2,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பெயரில் வழங்கும் முறை இது.

*அட்டை மட்டும் போதுமா?*

போதாது. பத்து குச்சியைக் கட்டி ‘இது ஒரு பத்து’ என்று கையில் பிடித்துப் பார்க்காத குழந்தைக்கு அட்டை வெறும் எண் கூட்டம்தான். மத்திய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய ‘நிபுன் பாரத்’ இலக்குப்படி, 99 வரை படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டியது முதல் வகுப்பில். தமிழ்நாட்டில் 2022-23 கல்வியாண்டில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த ஆண்டே 4, 5-ம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துச் சொல்லிக்கொடுப்பதும், எல்லோரும் ஒரே இடத்தில் இல்லை என்பதால்தான். குச்சிக் கட்டில் நிற்கும் குழந்தையை அட்டைக்கு இழுத்து வரத் தேவையில்லை.

ஒன்று முதல் நூறு வரை தினமும் கோரஸாகப் படிக்க வைப்பதும் பெரிதாக உதவாது. அது பாட்டு மாதிரி மனதில் நிற்கும், நடுவில் 67-க்கு முந்தைய எண் என்ன என்று கேட்டால் மறுபடி ஒன்றில் இருந்துதான் ஆரம்பிக்கும்.

குழந்தைக்குப் புரிந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கூட்டல் குறி வடிவில் ஐந்து கட்டம் மட்டும் வரைந்து, நடுவில் 68 என எழுதிக் கொடுங்கள். மேலே 58, கீழே 78, இடதில் 67, வலதில் 69 என அட்டையைப் பார்க்காமல் நிரப்பினால், அட்டை குழந்தையின் மனதுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்து நடுவில் 70 எழுதிக் கொடுத்துப் பாருங்கள். வலது கட்டத்தில் யோசிக்காமல் 71 என எழுதினால் இன்னும் சில நாள் விளையாட வேண்டும். ‘இங்கே கட்டமே வராதே, 71 கீழ் வரிசையில்தானே இருக்கும்’ என்று கேட்டால், அட்டையைச் சுவரில் இருந்து கழற்றிவிடலாம்.