பெட்டி விற்றவரும் பற்றரி வாங்கியவரும்

வானொலியின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்தே கதையைத் தொடங்குவர். 1923ஆம் ஆண்டிற் கொழும்பு மத்திய தந்திக் கந்தோரிலிருந்து எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளர் கிராமபோன் இசையைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். 1925 டிசெம்பர் 16இற் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. 1949இல் அது றேடியோ சிலோன் ஆயிற்று. இவையெல்லாம் நாம் பலமுறை கேட்டவை. ஆனால், கேட்பவரின் திண்ணைக்கு அந்தப் பெட்டி எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைச் சொல்வார் அரிது. கடையில் நின்று அதனை விற்றவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதுவும் மன்னார்ப் பெருநிலத்தில், மடுத் திருப்பதியைச் சூழ்ந்துள்ள காட்டூர்களை மனத்திற் கொண்டு பேச விரும்புகிறேன்.

கொழும்பிலே பெட்டி வாங்கியவருக்கு வீட்டில் மின்சாரம் இருந்தது. பண்டிவிரிச்சானிலும் பாலம்பிட்டியிலும் வாழ்ந்த கமக்காரனுக்கு அது இல்லை. எனவே அவன் கடைக்கு வந்து முதலிற் கேட்கும் கேள்வி பெட்டியின் அழகைப் பற்றியதன்று. விலையைப் பற்றியதுங்கூட அன்று. "தம்பி, இது எத்தனை நாளைக்குப் பாடும்?" என்பதே அவன் கேள்வி. இக்கேள்விக்கு உண்மையான விடை சொல்வதா, விற்பனைக்கு ஏற்ற விடை சொல்வதா என்பதிலேதான் கடைக்காரரின் குணம் வெளிப்பட்டது.

ஏனெனில், அக்காலத்து வால்வுப் பெட்டி மிகுந்த பசியுடையது. வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பற்றரி வேண்டும். தகட்டுக்கு 90 வோல்ற்று அளவிலான மற்றொரு பெரிய பற்றரி வேண்டும். இரண்டும் பாரமானவை, விலையும் கூடியவை. இஃது இலங்கைக்கு மட்டும் உரிய தொல்லையன்று. ஆபிரிக்காவின் வட றொடீசியாவில், 1949ஆம் ஆண்டளவில், ஏழை மக்களுக்கென்றே சட்டி வடிவில் ஒரு வானொலிப் பெட்டியைச் செய்வித்தனர். பெட்டியின் விலை ஐந்து பவுண். அதற்கான பற்றரியின் விலையோ அதன் காற்பங்கு. அந்தப் பற்றரியும் ஏறத்தாழ முந்நூறு மணி நேரமே உழைத்தது. பெட்டியை ஒருமுறை வாங்கினாற் போதும். பற்றரியை வாங்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். நல்ல விற்பனையாளர் இந்தக் கணக்கை மறைக்காமற் சொன்னார். "ஐயா, செய்தியைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கோ, பாட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கோ" என்று சொல்லி அனுப்பக்கூடியவரிடமே மறுமுறையும் ஆட்கள் வந்தனர்.

அவர் வேலை அத்தோடு முடியவில்லை. வான்கம்பியைப் பாலை மரத்திற்கும் வீரை மரத்திற்கும் இடையே எவ்வளவு உயரத்திற் கட்டுவது, நிலக்கம்பியை எங்கே ஈரமண்ணிற் புதைப்பது, இடிமழைக் காலத்தில் எதனைக் கழற்றி வைப்பது என்றெல்லாம் கற்பித்தாக வேண்டும். தபாற் கந்தோரில் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டுமென்பதையும் சொல்லியாக வேண்டும். இதனைச் சொல்லும்போது வாங்குபவரின் முகம் சற்று வாடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையை மாற்றியது திரான்சிஸ்ரர். 1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் அது பிறந்தது. 1954இல் அந்நாட்டிலும், 1955இல் யப்பானிலும் திரான்சிஸ்ரர் வானொலிப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. பின்னர் பரவிய பெட்டிகளுட் பல, ரோச் லைற்றிற்குப் போடும் அதே பற்றரியில், நான்கை வரிசையாக வைத்தாற் பாடின. விற்பனையாளரின் வாழ்வில் இதன் விளைவு விந்தையானது. பெட்டியை விற்பது எளிதாயிற்று. ஆனால் அவருக்கு நிலையான வருவாய் தந்த பற்றரி வாணிகம் கைநழுவிற்று. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்கும் சில்லறைக் கடையிலேயே பற்றரி கிடைக்கும்போது, அதற்காக மன்னார்ப் பட்டினத்திற்கு யார் போவார்?

எனினும், சொல்லிக் கொடுப்பதற்கு அப்பொழுதும் விடயம் இருந்தது. திரான்சிஸ்ரர்ப் பெட்டியினுள்ளே ஒரு கரிய தண்டில் கம்பி சுற்றப்பட்டிருக்கும். மத்திய அலையை வாங்கும் வான்கம்பி அதுவே. தண்டின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கினால் ஒலி தெளியும். அதன் முனை நோக்கினால் ஒலி மங்கும். இதனை அறியாதவர், பெட்டி பழுதென்று திருப்பிக் கொண்டு வருவர். கடைக்காரர் ஒன்றும் பேசாமற் பெட்டியைக் கால்வட்டம் திருப்பி வைப்பார், பாட்டு வந்துவிடும். தீர்ந்த பற்றரியை உள்ளேயே விட்டால் அது கசிந்து சுருள்வில்லை அரித்துவிடும் என்பதையும், பேசாலை, வங்காலை போன்ற கரையூர்களில் உப்புக்காற்று அதே வேலையை இன்னும் விரைவாகச் செய்யும் என்பதையும் அவர் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் வானிலை அறிவித்தலின் பயனை அக்கரையினருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1964 டிசெம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல் அவர்களின் கரையையும் தாக்கிற்று.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி ஒடுங்கியது. விற்கப் பெட்டி கிடைப்பது அரிதாகவே, விற்றவர்கள் திருத்துபவர்களாயினர். 1977இன் பிற்பகுதியில் இறக்குமதிக் கதவு திறந்தபோது ஒலிநாடாவுடன் கூடிய யப்பானியப் பெட்டிகள் வந்து குவிந்தன. தொலைக்காட்சியும் 1979இல் இந்நாட்டிற்கு வந்தது. ஆயினும் மடுக் காட்டூர்களுக்கு அச்செழிப்பு நீடிக்கவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றினர்; மன்னார் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்த குடும்பங்கள் கடையையும் கடனேட்டையும் விட்டுப் போக நேர்ந்தது. மடுத் தேவாலயச் சூழலில் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையகத்தின் திறந்த நிவாரண நிலையம் அமைந்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கினர். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்கு அனுப்பக் கூடாதென அரசாங்கம் தடுத்த பொருள்களுள் உலர்பற்றரியும் ஒன்று. எந்தப் பாதை திறந்தது, எந்த ஊருக்குத் திரும்பலாம் என்று அறிய வானொலியையே நம்பியிருந்த மக்களிடம் பெட்டி இருந்தது, அதற்கு உணவில்லை.

இங்கேதான் பழைய கடைக்காரரின் அறிவு, விற்பனைக்கன்றிப் பிழைப்பிற்கு உதவிற்று. துவிச்சக்கர வண்டியின் டைனமோ ஆறு வோல்ற்று அளவில் மின்சாரம் தருவது. நான்கு பற்றரிகளின் மொத்தமும் ஆறு வோல்ற்றே. டைனமோவின் மின்னோட்டம் முன்னும் பின்னும் மாறி ஓடுவதால், ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டையும், அதிர்வைத் தணிக்கும் கொள்ளளவியையும் இடையே இணைத்தல் வேண்டும். பழைய பெட்டிகளைக் கழற்றினால் இரண்டும் கிடைக்கும். வண்டியைத் தாங்கியில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, சுற்றியிருந்தோர் செய்தி கேட்டனர். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும்; அடுத்த இளைஞன் ஏறிக்கொள்வான். தீர்ந்த பற்றரியை வெயிலில் உலர்த்தியும், துளையிட்டு உப்புநீர் ஊற்றியும் சிறிது உயிர் பெறச் செய்தவர்களும் உண்டு. அந்த உயிர் ஒரு செய்தியறிக்கைக்குப் போதுமானதாயிருந்தாற் பெரிது.

2002ஆம் ஆண்டின் தொடக்கத்திற் போர்நிறுத்தம் வந்து, தடைகள் தளர்ந்தன. பற்றரி மீண்டும் சில்லறைக் கடைக்கு வந்தது. தீப்பெட்டியின் அருகே, முன்பிருந்த இடத்திலேயே அதனை வைத்தார்கள்.