விட்ட இடம்

நண்பர் வரைந்த வைகையில் வண்ணம் கிடையாது. ஏ.வி. பாலத்தின் மேல் நின்று மைய மண்டபத்தைப் பார்த்து வரைந்த நீர்வண்ணப் படம் அது. மண்டபத்துக்கு மங்கிய காவி, வானத்துக்கு இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு நீலப் பூச்சு, மணலில் காயும் வேட்டிகளுக்கு அடியில் நாலைந்து சாம்பல் கோடுகள். ஆறு வெறும் தாள். வேட்டிகளும் வெறும் தாள்தான். வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீர் இல்லாத ஒரு நதியை இதைவிட யோக்கியமாக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. நண்பர் இறந்து சில வருஷங்களுக்குப் பிறகு, நாங்கள் போட்ட ஒரு கவிதைத் தொகுதிக்கு இந்தப் படத்தை அட்டையில் வைக்கலாம் என்று சொன்னவன் நான். புரூஃபைத் திரையில் பார்த்து 'சரி' என்றவனும் நானே.

புத்தகம் வந்தது. அட்டையின் நிறம் செங்கல் நிறம். அதன் நடுவில் மைய மண்டபம் எதன் மேலும் நிற்காமல் மிதந்தது. அதற்குக் கீழே காரணம் புரியாத நாலைந்து சாம்பல் கீறல்கள். நண்பரின் மகள் பிரதியைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா வரஞ்ச ஆத்தக் காணோமே மாமா" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. அதனாலேயே பதில் சொல்ல முடியவில்லை.

அட்டையை அமைத்த பையனிடம் போய்க் கேட்டேன். "பேப்பர் பழுப்பாயிருந்துச்சு சார், அதான் பேக்ரவுண்ட எடுத்துட்டேன்" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. ஸ்கேனரில் போன பழைய தாள் வெள்ளையாக வருவதில்லை. ஓரங்களில் பழுப்பு, இங்குமங்கும் துருப்புள்ளிகள், பக்கவாட்டிலிருந்து விழும் விளக்கில் தாளின் சொரசொரப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி நிழல். இவற்றோடு படத்தை வேறொரு நிறத்தின் மேல் வைத்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும். ஆகவே தாளின் நிறத்தைத் தொட்டுக் காட்டி 'இது வெண்மை' என்று கணினிக்குச் சொல்கிறார்கள். பிறகு வெண்மை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் 'ஒன்றுமில்லை' என்று ஆக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுமையுள்ளவர்கள் படத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்து, இரண்டையும் சராசரி கண்டு சொரசொரப்பின் நிழலை அழிக்கிறார்கள். வெற்றுத் தாளின் ஸ்கேனால் படத்தின் ஸ்கேனை வகுத்துப் பழுப்பைக் கழிப்பவர்களும் உண்டு. எப்படிச் செய்தாலும் கடைசியில் கணினிமுன் வைக்கப்படும் கேள்வி ஒன்றே: எது படம், எது தாள்?

நீர்வண்ணத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இல்லை. தெளிந்த நீர்வண்ணக்காரனிடம் வெள்ளை என்று ஒரு சாயம் இல்லை. வெளிச்சம் பூச்சை ஊடுருவித் தாளைத் தொட்டுத் திரும்பி வருகிறது. நாம் பார்ப்பது அதை. வெளிச்சம் எங்கே முழுசாக வேண்டுமோ அங்கே அவன் தாளை விட்டுவிடுகிறான். விடுவதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும், பிறகு கொண்டுவர வழியில்லை. எண்ணெய் வண்ணத்தில் கடைசியாக வைக்கும் வெளிச்சப் புள்ளி இங்கே முதல் முடிவு. பூசியது எவ்வளவு படமோ அவ்வளவு படம் பூசாதது.

இந்தப் 'பூசாதது' நமக்குப் பழக்கமானது அல்ல என்பதுதான் என்னைச் சரித்திரத்துக்குள் இழுத்தது. அழகர்கோயில் வசந்த மண்டபத்தின் விதானத்தில் நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. உருவத்துக்கும் உருவத்துக்கும் நடுவே சிவப்பு. அதற்குக் கீழே தமிழில் எழுத்துப் பட்டி. கழுத்து வலிக்க அண்ணாந்து தேடினாலும் சும்மா விட்ட இடம் என்று ஒன்று அகப்படாது. மீனாட்சி கோயில் ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில், மீனாட்சி கல்யாணத்தை ராணி மங்கம்மாள் நின்று பார்க்கும் ஓவியத்திலும் அப்படியே. வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளையைப் பூசினார்கள். சுவர் சுவராகத் தெரிவது அவர்களுக்கு வேலை முடியாததன் அடையாளம்.

தாள் தாளாகத் தெரிய ஆரம்பித்தது கம்பெனிக்காரர்கள் வந்த பிறகு. 1792-இல் தாமஸ் டேனியலும் அண்ணன் மகன் வில்லியமும் மதராஸிலிருந்து தெற்கே கிளம்பி மதுரைக்கு வந்தார்கள். இருட்டுப் பெட்டி வைத்துக் கோட்டுருவம் பிடித்து, மேலே மெல்லிய பூச்சுகள். திருமலை நாயக்கர் மஹாலின் இடிபாடுகளும் புது மண்டபமும் கோட்டைக்குள்ளிருந்து ஒரு காட்சியும் 1798-இல் லண்டனில் அக்வாடின்ட் அச்சுகளாக வெளிவந்தன. 'ஓரியண்டல் சீனரி' என்று 1808 வரை வந்த 144 படங்களில் இவை சேரும். அக்வாடின்டிலும் அதே தர்க்கம்தான். செப்புத் தகட்டை அமிலத்தில் இடுவதற்கு முன்பே, எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டுமோ அதை வார்னிஷ் பூசி மூடிவிடுவார்கள். மஹாலின் தூண்கள் மேல் விழும் மதுரை வெயில் என்று நாம் வியப்பது இங்கிலாந்துத் தாளின் ஒரு துண்டு. வெயிலைத் தவிர மற்றதையெல்லாம் அவர்கள் வரைந்தார்கள் என்றும் சொல்லலாம்.

இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கை 1858-இல் நடந்தது. சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரர் லின்னியஸ் ட்ரைப் மதுரையைப் படம் பிடித்தார். அக்காலத்து ரசாயனம் நீல ஒளியில் மிகையாக எரியும். கோபுரம் பதிவதற்குள் வானம் அடையாளமற்ற வெறும் வெளியாகிவிடும். ட்ரைப் அதைச் சும்மா விடவில்லை. நெகடிவின் மேல் சாயம் பூசி வானத்தைச் சமன்செய்தார், சில படங்களில் மேகங்களையே வரைந்தார். யந்திரம் விட்ட இடத்தைக் கை நிரப்பியது. நம் பையன் செய்தது கை விட்ட இடத்தை யந்திரத்தால் எடுத்தது.

டேனியல்களின் வெள்ளை ஒரு வகை. அதே ஆண்டுகளில் நம் ஓவியர்களின் கைக்கு வந்த வெள்ளை வேறு வகை. கட்டிச் சாயத்தில் தளம் முழுவதும் நிரப்பிப் பழகிய தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிக் குடும்பங்கள் கம்பெனி துரைகளுக்காகத் தாளில் வரைய நேர்ந்தபோது, பூச்சு மெலிந்தது, பின்புலம் மறைந்தது. கணவன் ஒருவன், மனைவி ஒருத்தி, தொழிலுக்கு ஒரு கருவி, காலடியில் கைப்பிடியளவு நிழல். சுற்றிலும் வெறும் தாள். இந்தியா ஆபீஸ் நூலகத்தில் இருந்த இம்மாதிரிப் படங்களுக்கு மில்ட்ரெட் ஆர்ச்சர் 1972-இல் ஒரு பட்டியல் நூல் போட்டார்; அந்த மாதிரி ஏடுகளைப் புரட்டும்போது எனக்குத் தோன்றுவது, இந்த வெள்ளை வெளிச்சம் அல்ல என்பது. குயவனைத் தெருவிலிருந்து வெட்டி எடுத்தபின் மிஞ்சிய வெள்ளை இது. ஊர் போய்விட்டால் ஜாதி ஒரு மாதிரிப் பொருளாகிவிடுகிறது, வரிசையில் அடுக்கலாம். 1909-இல் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளில் அடுக்கியதற்கு முன்னோட்டம் இந்தத் தாள்களில் இருக்கிறது.

புது மண்டபத்துக்கும் இதுவே நடந்தது. அந்த மண்டபத்தையும் பெரிய கோயிலையும் பற்றி ஆடம் பிளாக்கேடர் என்ற சர்ஜன் ஸர் ஜோசப் பாங்க்ஸுக்கு எழுதிய கடிதம் 1792-இல் அச்சேறியது. அந்தத் தலைமுறையில் அங்குள்ள தூண் சிற்பங்களை உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு தனித்தனியே வரையச் செய்தார்கள். 124 தூண்கள் உள்ள, எப்போதும் பாதி இருட்டான ஒரு இடத்திலிருந்து ஒரு நாயக்க மன்னர் தனியாகக் கழன்று வெள்ளைத் தாளில் நிற்கிறார். அண்மைக்காலம் வரை தையல்காரர்களின் மிஷின் சத்தத்துக்கும், பாத்திரக் கடைக்கும், பழைய புத்தகக் கடைக்கும் நடுவே அவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அந்தத் தனிமை கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

செடிகளை மட்டும் விட்டார்களா? ராபர்ட் வைட் 1836-இல் அன்றைய மதுரை ஜில்லாவின் பழனி மலைக்குப் போய்வந்தார். அவருக்கு வரைந்தவர்கள் ரங்கையா, பிறகு கோவிந்து. வேரிலிருந்து மகரந்தம் வரை பிசகாத கை. செடி தாளின் நடுவில். மண் இல்லை, பாறை இல்லை, பக்கத்துச் செடி இல்லை. முதற்பொருளிலிருந்து கருப்பொருளைப் பிய்த்து எடுக்க ஒப்பாத இலக்கணம் உள்ள ஒரு மொழியில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது சற்றே குறுகுறுக்கிறது. ஆனால் அந்தத் தாவரவியலில் இன்னொரு நியாயமும் இருந்தது: வைட் ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் 'கோவிந்தூயா' என்று தன் ஓவியரின் பெயரை வைத்தார். விதானத்தில் வரைந்தவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. இதை எந்தப் பக்கம் எடைபோடுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்தத் தாள்களைப் பிறகு ஆய்ந்தவர்களுக்குத் தாளே சாட்சி. மெய்ட்ஸ்டோனுக்குப் பக்கத்தில் வாட்மன் ஆலைத் தாள்களில் 1794 முதல் ஆண்டு நீர்க்குறியாக விழும். அந்த ஆண்டுக்கு முன்னால் அந்தப் படம் வரையப்பட்டிருக்க முடியாது. ஓரத்தில் தமிழிலோ தெலுங்கிலோ எழுதிய பெயர், மூலையில் பென்ஸில் எண். 'பின்புலத்தை' எடுக்கிறவன் இவற்றையும் சேர்த்தே எடுக்கிறான்.

தாளே இல்லாத ஒரு ஓவியமும் திருச்சியில் இருந்தது, அப்பிரகத் தகட்டின் மேல் வரைந்தது. சில தொகுதிகளில் ஓர் அட்டையில் முகம் மட்டும் இருக்கும். தலைப்பாகையும் அங்கியும் தீட்டிய, முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் தீட்டாத அப்பிரகத் தகடுகள் கட்டாகக் கூடவே வரும். தகட்டை மாற்ற மாற்ற அதே முகம் வேறு வேறு ஆளாகும். கணினிக்காரர்கள் 'லேயர்' என்று சொல்வதை நம் ஆட்கள் துரைகளின் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானாக விற்றிருக்கிறார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 'எவ்வளவு ஒளிபுகும்' என்பதை ஒவ்வொரு புள்ளியோடும் சேர்த்துவைக்கும் ஆல்ஃபா என்ற அளவை 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் உண்டாக்கினார்கள். அதை உண்டாக்கியவர்களில் ஒருவரான ஆல்வி ரே ஸ்மித், ஜேம்ஸ் பிளின்னோடு சேர்ந்து 1996-இல் நிறுவியது இது: ஒரே பின்புலத்தின் மேல் எடுத்த ஒரே படத்திலிருந்து பொருளைப் பிரிக்கப் பொதுவான விடை கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று சமன்பாடுகள் மூன்று. அவற்றோடு ஒளிபுகும் அளவும் சேர்ந்து அறியாதவை நான்கு. அழுத்தமான சாயத்தை நீர்க்கப் பூசியதா, வெளிறிய சாயத்தைக் கெட்டியாகப் பூசியதா என்று ஒரு ஸ்கேனால் சொல்ல முடியாது. அதே பொருளை வேறொரு நிறத்தின் மேலும் வைத்து எடுத்தால் விடை வந்துவிடும். அப்பிரகப் படத்தைக் கறுப்பு அட்டை மேல் ஒருமுறை, வெள்ளை அட்டை மேல் ஒருமுறை வைக்கலாம். நண்பரின் வைகைக்கு இன்னொரு தாள் எங்கே போய்க் கொண்டுவருவது?

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் இதைப் பற்றி யோசிக்காததற்குக் காரணம் உண்டு. நம்முடைய ஓவியம் எப்போதும் கோடு. 1970-இல் ஆரம்பித்த 'கசடதபற' காலத்திலிருந்து ஆதிமூலம் போன்றவர்களின் கோடுகளைத்தான் பக்கங்களில் போட்டோம். துத்தநாகப் பிளாக்குக்குக் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறெதுவும் தெரியாது. தாளின் பழுப்பும் பூச்சின் சாயலும் பிளாக் எடுக்கும்போதே உதிர்ந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. மனோகர் தேவதாஸ் (1936–2022), பார்வை ஒடுங்கிக்கொண்டே வந்த காலத்திலும், தன் மதுரையை நுணுக்கமான மசிக்கோடுகளால் வரைந்து வைத்தார். அந்தப் படங்களிலிருந்து தாளை எடுப்பது ஒரு நிமிஷ வேலை, கோடு தன் எல்லையைத் தானே சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் நான் புரூஃபைப் பார்த்திருக்கிறேன். கோடுகளை எண்ணினேன், எல்லாம் இருந்தன.

இரண்டாம் அச்சு வந்தபோது பையனோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன். பூச்சைத் தாளின் நிறத்தோடு பெருக்கிக் காட்டும் முறை ஒன்றைப் போட்டுக் காட்டினான். படத்தின் விளிம்புகள் மென்மையாயின, ஆற்றில் மட்டும் அதே செங்கல் ஓடியது. "ஆத்த மட்டும் கையால வளச்சு வெள்ளையா வச்சிரலாம் சார்" என்றான். நல்ல யோசனை. மவுஸை என் கையில் கொடுத்து, கரை எதுவரை என்று காட்டச் சொன்னான். வலப்பக்கம் சுலபம், மண்டபத்துக்கு அப்பால் ஒரு பசுமைப் பூச்சு, காயும்போது சாயம் ஓரத்தில் ஒதுங்கி ஒரு கறுத்த விளிம்பு விட்டிருந்தது. இடப்பக்கம் நண்பர் கரையை வரையவில்லை. மணல் வெளுத்துக்கொண்டே போய்த் தாளின் ஓரமாகிவிடுகிறது. அரைமணி நேரம் கோடு இழுத்து இழுத்து அழித்தேன். எங்கே இழுத்தாலும் அது என் கரையாக இருந்தது.

கடைசியில் தாளோடேயே போட்டுவிட்டோம், நான்கு மூலைகளும் தெரிய. செங்கல் நிறத்தையும் மாற்றவில்லை. அதன் மேல் பழுப்புத் தாள் ஒன்று கிடக்கிறது, அதில் ஆறு இருக்கிறது. ஓரத்தில் நண்பர் பென்ஸிலில் 'நாலு மணி' என்று குறித்திருந்தது முதல் அச்சில் வெட்டுப்பட்டிருந்தது, இப்போது தெரிகிறது. கீழ்மூலையில் இராமபாணம் அரித்த ஒரு ஓட்டை. பையன் பழக்கதோஷத்தில் அதை மட்டும் அடைத்துவிட்டிருந்தான். திரும்பத் திறக்கச் சொன்னேன். "எதுக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே திறந்தான்.