பின்டோ போனது, ஸ்பிண்டில் நின்றது

ஃபோர்டு பின்டோ என்ற காருக்கு அமெரிக்காவில் நல்ல பெயர் கிடையாது. 1971 மாடலாக வந்த சின்ன வண்டி. பின்னாலிருந்து மோதினால் பெட்ரோல் டேங்க் தீப்பற்றுகிறது என்று வழக்குகள் நடந்தன. 1978-ல், அதன் உடன்பிறப்பான மெர்குரி பாப்கேட்டையும் சேர்த்துச் சுமார் 15 லட்சம் வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 1980-ஓடு உற்பத்தியும் நின்றது. வண்டியின் பின்பக்கம் கெடுத்த பெயரை முன்பக்கத்து இரும்பு ஒன்று வேறோர் இடத்தில் காப்பாற்றிவிட்டது. களிமண் தடத்தில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் நடுவே ‘பின்டோ ஸ்பிண்டில்’ என்பது இன்றும் மதிப்பான பெயர்.

நம் ஊர் மெக்கானிக்குகள் ஸ்டப் ஆக்ஸில் என்பார்களே, அதுதான் ஸ்பிண்டில். மேலே ஒரு பால் ஜாயின்ட், கீழே ஒரு பால் ஜாயின்ட், நடுவிலிருந்து வெளியே நீளும் தண்டு. தண்டில் இரண்டு பேரிங், அவற்றின்மேல் ஹப், ஹப்பில் சக்கரம். வண்டியின் முன்பாதி எடை முழுவதும் இப்படி இரண்டு தண்டுகள் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது.

1971 மாடல் பின்டோ ஒரு டன்னுக்கும் குறைவான எடைதான். 1974 மாடலாக அதே குடும்பத்தில் மஸ்டாங் II வந்தது. இந்த வண்டிகள் ஓடி முடித்துக் காயலான் கடைகளில் குவிந்த காலமும், ஏழைக்கேற்ற பந்தயம் ஒன்று பிறந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. 1979-ல் அயோவா மாநிலம் வின்டன் நகரில் கீத் நாக் என்பவர் ஐஎம்சிஏ மாடிஃபைட் என்ற வகுப்பைத் தொடங்கினார். திறந்த முன்சக்கரம், பழைய காரின் சேஸிஸ். ஜெயித்தவரின் இன்ஜினை, முன்பே நிர்ணயித்த விலைக்கு இன்னொரு போட்டியாளர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது விதி. அதனால் யாரும் இன்ஜினில் பணத்தைக் கொட்டத் துணியவில்லை. சம்பளக்காரர்களும் விவசாயிகளும் தங்கள் ஷெட்டிலேயே கட்டிய வண்டிகள் இவை.

இத்தகைய வண்டிகளுக்கு எளிதில் கிடைத்தது ஜெனரல் மோட்டார்ஸின் ‘மெட்ரிக்’ ஸ்பிண்டில். 1978 முதல் 1988 வரை வந்த மாலிபு, மான்டி கார்லோ போன்ற நடுத்தரக் கார்களின் உறுப்பு அது. காயலான் கடையில் மலிவு. ஆனால் பிரேக் டிஸ்க்கும் ஹப்பும் ஒரே வார்ப்பு, ஒன்று கெட்டால் இரண்டும் போகும். பின்டோ வகை கச்சிதமானது, எடை குறைவு. அசல் தீரத் தீர, பந்தய உதிரிபாகக்காரர்கள் அதே வடிவத்தில் புதிதாக ஃபோர்ஜிங் செய்து விற்கத் தொடங்கினார்கள். இவற்றில் ஸ்டீயரிங் ஆர்மைத் தனியாக போல்ட் போட்டு மாட்டலாம். ஆர்ம் வளைந்தால் ஆர்மை மட்டும் மாற்றினால் போதும். இன்று கடையில் விற்கும் பின்டோ ஸ்பிண்டில்களில் பெரும்பாலானவை பின்டோவையே பார்த்திராதவை.

பின்டோ ஸ்பிண்டில் போய்ச் சேர்ந்த வேலை அசாதாரணமானது. ஓஹையோவில் ஏர்ல் பால்டஸ் 1954-ல் திறந்த எல்டோரா போன்ற அரை மைல் தடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும். பாரம் எல்லாம் வலது முன்சக்கரத்தின் தலையில். வளைவில் தரை டயரின் அடியை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசைக்கும் தண்டுக்கும் இடையே டயரின் ஆரம் நெம்புகோலாக நிற்கிறது. இரவு ஏற ஏற மண் காய்ந்து பள்ளம் விழும். பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு சுற்றும் தண்டை ஒருமுறை மடக்கிப் பார்க்கிறது. சுவரில் ஒரு உரசல் போதும், அந்த நெம்புகோல் பல மடங்காகிவிடும்.

ஆகவே வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தண்டின் விட்டம். திடமான உருளைத் தண்டில் விட்டம் 10 சதவீதம் கூடினால், வளைவைத் தாங்கும் வலு ஏறத்தாழ 33 சதவீதம் கூடும். லேட் மாடல் என்ற இன்னொரு வகுப்பின் வண்டிக்காரர்கள் பெரிய தண்டும் ‘வைட் ஃபைவ்’ ஹப்பும் தேடிப் போவது வீண் பகட்டல்ல. 1930களின் பிற்பகுதி ஃபோர்டு சக்கரங்களிலிருந்து வந்த அமைப்பு இந்த ‘வைட் ஃபைவ்’. ஐந்து போல்ட்டுகளும் 10.25 அங்குல வட்டத்தில் அமர்கின்றன. மாடிஃபைட் எடைக்குப் புதிய ஃபோர்ஜிங் பின்டோ வகை போதும் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் போனால் காசும், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையும்தான் மிஞ்சும்.

தண்டு எங்கே சாகிறது என்று பார்த்தால், அது உடலோடு சேரும் அடிவாரத்தில். அங்கே குழிவான வளைவு அழகாக ஓட வேண்டும். கூர்மையான படியோ, லேத் கருவி விட்ட கீறலோ இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பெயின்ட் அடித்த பழைய ஸ்பிண்டிலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கிரீஸையும் பெயின்டையும் முழுக்க எடுத்துவிட்டு, இரும்பைக் காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றி, இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால், விரிசல் இருந்த இடத்தில் தலைமுடி அளவுக்கு மஞ்சள் கலந்த பச்சைக் கோடு பளிச்சென்று எழும். மேக்னாஃப்ளக்ஸ் சோதனை என்பது இதுதான். கோடு தெரிந்தால் அந்த ஸ்பிண்டிலின் பந்தய வாழ்க்கை அன்றோடு முடிந்தது. வெல்டிங் வைத்து மீட்பதோ, வளைந்த தண்டைச் சூடாக்கி நிமிர்த்துவதோ கூடாது. சூடு அந்த எஃகின் பதத்தையே மாற்றிவிடும். வளைவு இருக்கிறதா என்று பார்க்க, தண்டின்மேல் டயல் கேஜ் வைத்தால் போதும். சக்கரத்தின் சாய்வான கேம்பர் திடீரென்று மாறியிருந்தாலும் சந்தேகப்படலாம்.

பழைய ஸ்பிண்டில் மலிவாகக் கிடைக்கும்போது அதன் கடந்தகாலத்தைக் கேளுங்கள்: எந்த வண்டியில் இருந்தது, எந்தப் பக்கத்தில், சுவரில் மோதியதா? சொல்ல ஆளில்லை என்றால், வலது முன்பக்கத்தில் மாட்டாதீர்கள். புதிது வாங்கினாலும் முதல் நாளே அதில் ஓர் எண்ணைப் பொறித்து, ஒவ்வொரு மோதலையும் நோட்டில் குறித்து வையுங்கள். பொறிப்பது மட்டும் உடல் பகுதியில் இருக்கட்டும், தண்டில் வேண்டாம்.